தின்னாத சர்க்கரை

அப்போது அவளுக்கு வயது முப்பத்தேழு. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதன்பின் நெடுங்காலம் எதுவும் தங்கவில்லை. அந்த ஆண்டுதான் மறுபடி ஒன்று தங்கியிருந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாமனார் காலமாகிவிட்டார், மாமியார் உடன் இருந்தார். குடியிருப்பு நான்காம் மாடியில்: இரண்டு அறைகள், ஒரு சமையலறை. அவள் பார்த்த வேலை, பெரிய கேக்குகளின்மேல் வைக்கும் சர்க்கரைப் பூக்களைக் கையால் செய்வது. இவை உண்மைகள். இவற்றுக்கு மேல் அந்த ஆண்டில் அவளைப் பற்றிப் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னவர்களில் ஒருவர்கூடப் பொய்யர் அல்லர்.

சர்க்கரைப் பூ, பார்ப்பவருக்குப் பூ, செய்பவளுக்கு மாவு. பொடித்த சர்க்கரையையும் பசையையும் தகர டப்பாவில் வரும் குளுக்கோஸ் பாகையும் சேர்த்துப் பிசைந்தால், கண்ணாடித்தாள் போல மெலிந்து விரியும் வெள்ளை மாவு கிடைக்கும். அதில் ஒரு சிட்டிகை கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்து இதழாக்க வேண்டும். ஓரம் வெடிக்காமலிருக்க விரல் நுனியில் பாகைத் தொட்டுக்கொள்வார்கள். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. ஈரக் கை பட்ட இதழ் கண்ணெதிரே கரைந்து தொங்கிவிடும். ஆகவே அந்தப் பட்டறையில் வேலை நேரத்தில் கை கழுவுவது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. சோளமாவைத் தட்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரல்களைத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் உலர்ந்ததும் கை பளிச்சென்று, மருத்துவமனை வாசனையோடு இருக்கும். அவர்கள் அகராதியில் சுத்தம் என்றால் அதுதான். காலை உணவையும் மதிய உணவையும்கூட கை படாமல் கரண்டியாலும் முள்கரண்டியாலும்தான் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

அங்கே ரோஜாவுக்கு அவளை விட்டால் ஆளில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் ரோஜாக்கா. பக்கத்து மேசையில் இலையும் மொட்டும் செய்யும் பெண்ணுக்குப் பெயர் வானொலி. காலையில் உள்ளே நுழைந்ததும் ஆரம்பிக்கும் பேச்சு விளக்கை அணைக்கும்வரை ஓயாது. கிரீமும் பாகும் கலந்து கேக்கின்மேல் பூசி முடிப்பவர் மாஸ்டர். எதைச் சொன்னாலும் எரிச்சலோடு சொல்லுவார். கேக்குகளை ஏற்றிச் செல்பவர் வண்டிக்கார அண்ணன். முதலாளியம்மா மேல்மாடியில் தொலைபேசியோடு வாழ்ந்தார்.

ஆறாம் மாதத்தில் மருத்துவமனையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் சர்க்கரைச் சோதனையை அவளுக்கும் செய்தார்கள். வெறும் வயிற்றில் இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். முதலிரண்டும் சரி. மூன்றாவது எல்லைக்கோட்டை மிதித்துக்கொண்டு நின்றது.

“இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் விட முடியல,” என்றார் டாக்டரம்மா. “வயசும் ஒரு காரணம். பயப்படாதீங்க. ஒரு சுகர் மெஷின் வாங்கிக்குங்க. காலையில வெறும் வயித்துல ஒரு தரம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் ஒரு தரம் பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு அந்த நம்பரோட வாங்க. சாப்பாட்டுலயே அடங்கிடுச்சுன்னா சந்தோஷம். அடங்கலைன்னா இன்சுலின் ஊசி.”

“அடங்கலைன்னா குழந்தைக்கு என்னங்க ஆகும்?”

டாக்டரம்மா கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்லும் வகை. குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிறந்ததும் மூச்சுத் திணறலாம், கவனிக்காமல் விட்டால் கடைசி மாதத்தில் வயிற்றிலேயே போய்விடவும்கூடும் என்று அமைதியாகச் சொன்னார். அதில் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். ஒருமுறை வெறுங்கையோடு மருத்துவமனையிலிருந்து திரும்பிவந்தவளுக்கு மற்றவை காதில் ஏறவில்லை.

கருவியைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்த நர்ஸ், “கை நல்லா சுத்தமா இருக்கணும்மா, அப்புறம் பஞ்சால தொடச்சுட்டுக் குத்துங்க,” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் தன் கையைவிடச் சுத்தமான கை யாருக்கு இருக்கிறது?

கருவியைக் கணவர் வாங்கிவந்தார். மனிதர்களைவிட அளவுமானிகளை நம்பியே பிழைத்தவர் அவர். லிஃப்டின் கம்பி அறுந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லும் முள்ளைப் பார்த்துப் பழகியதால், முள் சொல்வதை மறுத்துப் பேசும் ஆட்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. கடையிலேயே தன் விரலைக் குத்திப் பார்த்து, பிறகு மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலும் ரத்தம் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போவதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

“நல்ல மெஷின்,” என்று அவள் கையில் கொடுத்தார். “இது பொய் சொல்லாது.”

முதல் வாரமே எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. காலையில் வீட்டில் பார்த்தால் எண் அழகாக இருந்தது. இரவு குளித்துச் சாப்பிட்டபின் பார்த்தாலும் அழகாகவே இருந்தது. பட்டறையில் காலை உணவுக்குப் பின்னும் மதிய உணவுக்குப் பின்னும் மட்டும் இருநூறைத் தாண்டி ஓடியது. அவள் ரொட்டியைப் பாதியாக்கினாள். எண் இறங்கவில்லை. ரொட்டியை நிறுத்திவிட்டு முட்டையும் வேகவைத்த காயும் மட்டும் கொண்டுபோனாள். இருநூற்று நாற்பது. காலை உணவை விட்டுவிட்டாள். பசியில் காது அடைத்தது. எண் மட்டும் அசையவில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா எண்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார்.

“வீட்டுல எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. வேலை செய்யற இடத்துல மட்டும் ஏறுது. அங்க என்ன சாப்பிடறீங்க?”

“வீட்டுல இருந்து கொண்டுபோறதுதாங்க. முட்டை, காய்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

“எங்க வேலைன்னு சொன்னீங்க?”

“கேக் கடையிலங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

“இந்த மாசத்துல ஆசை வர்றது சகஜம்மா,” என்றார், அடித்தாலும் வலிக்காத குரலில். “நான் திட்டறதுக்கு இங்க உக்காந்திருக்கல. ஆனா எங்கிட்டயே மறைச்சீங்கன்னா உங்க பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தரையைப் பார்த்தார். வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நெசமாவே எதுவும் வாயில போடலையா?”

“இந்தப் பிள்ளை மேல சத்தியமா போடலைங்க.”

“பிள்ளை மேல சத்தியம் பண்ணாத,” என்றார் அவர் சட்டென்று. அந்த வேகத்தில் அவர் நம்பவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

மாமியார் அதட்டும் ரகமல்ல. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாலையில் அவள் வீடு திரும்பியதும், உப்பில்லாத காய்கறி சூப்பை எதிரில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்தா பாரும்மா. உங்க மாமா இருந்தாரே, அவரு ஷூவுக்குள்ள மிட்டாயை ஒளிச்சு வெச்சுத் தின்னவரு. நான் மோப்பம் புடிச்சே கண்டுபிடிப்பேன். சர்க்கரை வியாதியில ஒரு கால எடுத்தாச்சு. அப்புறமும் மெத்தைக்கு அடியில இருந்துச்சு. கேட்டா, ஒந்தலை மேல சத்தியமா தொடலடின்னு அழுவாரு. அழுதுகிட்டே தின்னாரு, பாவம். நான் உன்னைக் குத்தம் சொல்லல. அது மனுசங்கள அப்படி ஆட்டிவைக்கும். எங்க வெச்சிருக்கன்னு மட்டும் சொல்லிடு, நானே தூக்கிப் போட்டுடறேன்.”

“எங்கயும் வெக்கல அத்தை.”

“அவரும் இதேதான் சொன்னாரு,” என்றார் மாமியார், வருத்தத்தோடு.

அடுத்த நாள் அவள் குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலின்மேல் அவளுடைய பை குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. சீப்பு, பேருந்துச் சீட்டு, கைக்குட்டை, பஞ்சுப் பொட்டலம் எல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தன. கணவர் பக்கவாட்டு ஜிப்புக்குள் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே, பழுதுபார்த்த பொறியைப் பூட்டுவதுபோல அடுக்கி வைத்தார்.

அன்றிலிருந்து அவள் பட்டறையில் எதையுமே சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். அப்படியும் மதியத்தில் இருநூற்று முப்பது. காற்றில் பறக்கும் சர்க்கரைத் தூள் மூச்சோடு உள்ளே போகிறதோ என்று முகத்தில் இரட்டை முகக்கவசம் போட்டாள். தோல் வழியாக ஏறுகிறதோ என்று முழங்கைவரை துணியைச் சுற்றினாள். வேலையை விட்டுவிடலாமென்றால், பிரசவச் செலவுக்கென்று முதலாளியம்மாவிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. விட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓடியதாகவும் ஆகும். ஒரு நாள் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

“வானொலி, ஒரு உதவி செய்யறியா? நான் என்னையறியாம விரல வாயில வெக்கறனான்னு இன்னிக்குப் பூரா பாத்துக்கிட்டே இரு.”

“உன்னைப் பாக்கறதுக்குச் சம்பளம் யாரு தருவா?” என்றாள் வானொலி. ஆனாலும் பார்த்தாள். சாயங்காலம் கையை விரித்தாள். “இல்லக்கா. மூக்கைக்கூட நீ சொறியல. சொறிஞ்சா நல்லதுன்னு எனக்கே தோணுச்சு.” பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பேச்சை மாற்றினாள். “விடுக்கா. உன் ரத்தத்துல ரெண்டு சொட்டு விட்டா கேக்குக்குச் சர்க்கரையே வேண்டாம். முதலாளியம்மாகிட்ட சொல்லு, போனஸ் குடுக்கும்.”

யாரும் இல்லாத நேரங்களில் அவள் வயிற்றோடு பேசினாள். கெஞ்சினாள் என்பதே சரி. அசைவு முன்போல் இல்லையோ என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. போனமுறையும் அப்படித்தான், எந்தக் காரணமும் சொல்லாமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எல்லாம் நின்றுபோனது. அப்போது யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது பிள்ளை இருக்கும்போதே குற்றவாளியாகிவிட்டாள். போய்விட்டால் என்ன ஆவாள் என்று நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த முறை போனபோது அவள் எடை குறைந்திருந்தது. எண்கள் குறையவில்லை. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். வீட்டில் பட்டினி கிடந்துவிட்டு வேலையிடத்தில் இனிப்பைத் தின்கிறாள் என்றுதான் அந்தத் தாளைப் பார்க்கும் யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது.

“திங்கக்கிழமையில இருந்து ஊசி. மத்தியானத்துக்கு மட்டும். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாது, மயங்கி விழுந்துடுவீங்க. ஸ்கேனும் அன்னிக்கே எடுத்துடலாம்.”

“சரிங்க,” என்றாள் அவள். “நான் சாப்பிடலைங்க” என்று சொல்வதை அவள் நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. சொல்லச் சொல்ல அது பொய்போலவே ஒலித்தது, அவள் காதுக்கே.

இன்சுலின் பேனா வீட்டுக் குளிர்பெட்டியில், முட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. சனிக்கிழமை. பட்டறையில் பெரிய ஆர்டர். மூன்றடுக்குக் கேக்குக்கு வெள்ளை ரோஜாக்கள் வேண்டும். அவள் முதல்நாள் இரவு சூப்புக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் பல்லில் படவிடவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், வழக்கம்போல ஸ்பிரிட்டில் விரலைத் துடைத்து, உலரவிட்டுக் குத்தினாள். கருவி கீச்சென்றது.

இருநூற்று அறுபத்து மூன்று.

அவள் கருவியை மேசைமேல் வைத்தாள். செய்துவைத்த ரோஜாக்களைக் கையால் ஒருபுறமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தலையைச் சாய்த்தாள். இரண்டு ரோஜாக்கள் உருண்டு கீழே விழுந்து நொறுங்கின. அழுகை சத்தமில்லாமல் வந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின. கண்ணீர் பட்டு மேசையிலிருந்த இதழ்கள் கரைந்து ஒட்டிக்கொண்டன.

“அந்த எழவ இங்க குடு,” என்று வானொலி கருவியைப் பிடுங்கினாள். “நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், இது என்ன எமனா? எனக்குப் போடுக்கா. இப்பதான் ஜாம் தடவி நாலு ரொட்டி தின்னேன். தின்னவளுக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம், தின்னாதவளுக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம்.”

தலையைத் தூக்காமலே அவள், கருவியில் செருகும் புதுப் பட்டை ஒன்றை நீட்டினாள். வானொலி ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினாள்.

முந்நூற்றுப் பதினெட்டு.

பட்டறையில் வானொலி முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினாள். பேயறைந்தவள்போல எண்ணைப் பார்த்தாள். பிறகு, “ஐயய்யோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!” என்று அலறினாள்.

“நாள் பூரா கேக் ஓரத்தை வெட்டி வெட்டி வாயில போட்டா, பின்ன பாகக்காயா ஊறும்?” என்றார் மாஸ்டர், கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு. “தள்ளு. ஒழுங்கா இருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு காட்டறேன்.”

பாகு கிண்டிய கையைத் துடைத்துக்கொண்டு அவரும் குத்திப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூறு. மாஸ்டர் பக்கத்திலிருந்த சர்க்கரை மூட்டையின்மேல் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். “எம்பொண்டாட்டிகிட்ட யாரும் சொல்லாதீங்க,” என்றார். அந்தக் குரலில் எரிச்சல் துளியும் இல்லை.

அப்போது பெட்டிகளை எடுக்க வண்டிக்கார அண்ணன் உள்ளே வந்தார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குபவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். “என்னய்யா இது, துக்க வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார். விவரத்தைக் கேட்டதும் விரலை நீட்டினார். “எனக்குப் பாரு. நான்தானே இங்க ஒரிஜினல் சுகர்காரன்.”

நூற்று நாற்பது.

“பாத்தியா அநியாயத்தை!” என்றாள் வானொலி. “நோயாளிக்கு நூத்தி நாப்பது, நல்லா இருக்கற நமக்கு முந்நூறு. மெஷின் தண்ணி போட்டிருக்கா அண்ணே?”

“யாரு கண்டா? நான் இப்பதான் டயரை மாத்திட்டு, வெளிக் குழாயில சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கை கழுவிட்டு வர்றேன். கையில கிரீஸ்...”

அவள் தலையைத் தூக்கினாள். தன் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. ஸ்பிரிட் வாசனை அடித்தது. மூன்று வாரங்களாக எல்லோரும் அவள் செய்கிறாள் என்று சொன்னதை, அவள் ஒருமுறையும் செய்யாததை, அப்போது எல்லோர் முன்னிலையிலும் செய்தாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, விரல் நுனியை நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். வேலை நேரத்தில், குழாயைத் திறந்து, கிரீஸ் படிந்த சோப்பை எடுத்து, நகக்கண் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினாள். மாஸ்டர் கதவோரம் நின்று பார்த்தார். கையை உலர்த்திக்கொண்டு, அதே கருவியில், அதே விரலின் மறுபக்கத்தைக் குத்தினாள்.

எழுபத்தொன்று.

வானொலி கைதட்டிக் கூச்சலிட்டாள். “டப்பாவுலயே எழுதியிருக்குதே, குளுக்கோஸ் குளுக்கோஸ்னு! நம்ம ஆறு கண்ணு இருந்தும் குருடா போச்சே!” மாஸ்டர் தன் ஆயுள் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் தானும் கழுவ ஓடினார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்தொன்று என்பது பட்டினி கிடப்பவளின் எண் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குச் சர்க்கரை இல்லை. ஒருவேளை எப்போதும் இருந்ததில்லை. அப்படியானால் இந்த ஐந்து வாரங்களாக அவள் தன் பிள்ளையிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்?

“எதையாவது தின்னுக்கா,” என்று வானொலி மிச்சமிருந்த ரொட்டியை நீட்டினாள். அவள் அதை நின்றபடியே தின்றாள். மெல்லக்கூட நேரமில்லாதவள்போல் விழுங்கினாள். தொண்டையில் அடைத்தபோதும் நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை மாவைக் கொண்டுபோனாள். கணவர் அதைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“உக்காருங்க,” என்றாள் அவள். “இதுல விரலைத் தேயுங்க. நல்லாத் தேயுங்க. இந்தப் பஞ்சால தொடைங்க. இப்பக் குத்துங்க.”

அவர் குத்தினார். முந்நூற்று ஐந்து என்று வந்த எண்ணை, பழுதான பொறியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடி குத்தினார். தொண்ணூற்றாறு.

“மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு,” என்றார் கருவியைக் கீழே வைத்துவிட்டு. “விரல்ல இருந்ததைக் காட்டியிருக்கு.”

“ஆமாங்க. மெஷின் மேல தப்பில்ல.”

அதற்குமேல் அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாமியார் சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முட்டைகளை உடைக்கும் சத்தமும் கேட்டது.

திங்கட்கிழமை ஊசி போடவில்லை. டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். விரலில் குத்தாமல் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். சர்க்கரை சரியாக இருந்தது.

“கேக் கடைன்னு கேட்டதோட நிறுத்திட்டேன்,” என்றார். “அங்க என்ன செய்யறீங்கன்னு கேட்டிருக்கணும்.”

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாள். வெளியே வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார்.

“இதயத் துடிப்பு இருக்கு. ஆனா குழந்தை நாலு வாரம் பின்தங்கி இருக்கு. ரொம்பச் சின்னதா இருக்கு.”

“நான் சாப்பிடாததாலயா?”

“அதனாலதான்னு சொல்ல முடியாது. சில பிள்ளைங்களுக்குக் காரணமே தெரியாம இப்படி ஆகும்.”

“அதனால இல்லைன்னு சொல்லுவீங்களா டாக்டர்?”

டாக்டரம்மா மறைக்காமல் பதில் சொல்லும் வகை. இந்தமுறை பதில் சொல்லவே இல்லை.

அதன்பின் அவள் சாப்பிட்டாள். பசிக்காக அல்ல, கடனடைப்பவள்போலச் சாப்பிட்டாள். மாமியார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். “இன்னும் ஒரு வாய்,” என்பார். அவள் வாந்தியெடுத்தால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி, “இன்னும் ஒரு வாய்,” என்பார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் மட்டும், தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: “அவரு பொய் சொன்னாருன்னு உன்னையும் சேத்துட்டேன்.”

கணவர் தினமும் வேலையிலிருந்து திரும்பியதும் அவள் வயிற்றின்மேல் காதை வைத்துக் கேட்டார். எந்த அளவுமானியும் இல்லாமல் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. “அசையுது,” என்பார் நிச்சயமில்லாத குரலில். சில நாட்களில் ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுவார். அந்த நாட்களில் அவளும் கேட்கமாட்டாள்.

ஸ்கேனில் எடை கொஞ்சம் ஏறியது. பிறகு நின்றது. எட்டாம் மாதம் முடியும்முன் ஒரு காலையில் டாக்டரம்மா, “இனிமே உள்ள இருக்கறதவிட வெளிய இருக்கறது நல்லது,” என்று சொல்லி, அன்றே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது அழுகைச் சத்தத்தை. அது தன் குழந்தையின் அழுகையா என்று நர்ஸிடம் கேட்டாள். “இல்லம்மா, பக்கத்து அறை,” என்றாள் நர்ஸ். “உங்க பொண்ணு பெட்டிக்குள்ள இருக்கா. மூச்சு விடறா.”

கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்கும் வட்டத் துளை இருந்தது. முதன்முறை தொட அனுமதித்தபோது, அவள் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். போதுமென்று நர்ஸ் சொன்னபிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே கையை நீட்டி, விரல் கொள்ளாத அந்தப் பாதத்தை ஒரு நுனியால் தொட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டது.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் நடக்கும் வயதில் மகள் உட்கார்ந்தாள். பேசும் வயதில் நடந்தாள். ஒவ்வொரு சளியும் மருத்துவமனையில் முடிந்தது. எடை பார்க்கும் தட்டில் குழந்தையை வைக்கும்போதெல்லாம் அவள் எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். கணவர்தான் படித்துச் சொல்வார். “ரெண்டு வயசுக்குள்ள மத்தவங்களோட சேந்துடுவா, கவலைப்படாதீங்க,” என்று டாக்டரம்மா நம்பிக்கை சொல்லியிருந்தார்.

வயதுக்கேற்ற எடையை மகள் எட்டிப்பிடிக்க ஆனது நான்கு ஆண்டுகள்.